இரண்டாம் வரிசையின் முதல் இலை

1957. என் அக்கா சரோஜம்மாள் பெங்களூரில் பி.எஸ்ஸி. முடித்து, சானமாவு காட்டோரம் இருந்த எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். மேலே இயற்பியல் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. அம்மாவின் அண்ணன் நாராயணப்பன் மாமாவோ தன் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா கேட்டு மறுப்பது எங்களில் வழக்கமில்லை. அப்பா வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

எங்கள் இருவருக்கும் மூத்த பெரியக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்திப்பாய் விரித்துக்கொண்டிருந்த அப்பா, அப்படி என்னதான் படிக்கிறாய் என்று சரோஜம்மாளைக் கேட்டார். அக்கா பாயைப் பார்த்தாள். அணுவின் நடுவில் ஒரு கரு, அதற்குள் இரண்டு வகைத் துகள்கள், ஒவ்வொரு வகையும் தனித்தனியாக வரிசை கட்டிப் பந்தியில் உட்காருகின்றன என்றாள். மொத்தம் இரண்டு, எட்டு, இருபது, இருபத்தெட்டு, ஐம்பது என்று சேரும்போது ஒரு வரிசை நிரம்பும். நிரம்பிய வரிசையிலிருந்து ஒன்றைக் கிளப்புவது பெரும்பாடு. அண்டாவில் பூசியிருந்த வெள்ளீயத்தைத் தொட்டு, இதில் ஒரு வகைத் துகள் சரியாக ஐம்பது, அந்த உறுதியால்தான் இந்த உலோகத்துக்குச் சிதையாத வடிவங்கள் பத்து என்றாள்.

"நெரம்புனதுக்கு அப்புறம் ஒருத்தன் வந்தா?"

"அடுத்த வரிசையில தனியா உக்காரணும்ப்பா. அவனத்தான் சுளுவா எழுப்பிடலாம். பக்கத்துல ஜோடியா இன்னொருத்தன் உக்காந்துட்டா, கொஞ்சம் கஷ்டம்."

அப்பா பாயை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மனிதருக்குக் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் பெண்கள் பந்தியில் முதல் வரிசை நிரம்பிவிட்டது. அக்கா அடுத்த வரிசையில் முதல் இலையில் தனியாக உட்கார்ந்தாள். உப்புகூட விழவில்லை, மாமா வந்து நின்றார். உனக்கும் என் மகனுக்கும் தாம்பூலம் மாற்றப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள், எழுந்து வா என்றார். நிறைந்த வரிசையில் சாப்பிடுகிறவளை எழுப்ப அவருக்கும் வாய் வந்திருக்காது. அக்கா இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

குழம்பு வாளியோடு வந்த அப்பா அதைக் கீழே வைத்தார். பெண் வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். பெண்கள் வரிசையில் ஆண் உட்காருவதோ கேள்விப்படாத சங்கதி. அவர் அக்காவின் பக்கத்து இலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், புள்ள சாப்புடட்டும். அவ பெங்களூர் போவணும்."

மாமா முறைத்துவிட்டு வெளியே போனார்.

பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்தியபோது அக்கா கரும்பலகையில் வாழையிலைகளைத்தான் வரைவாளாம். இன்று அப்பா இல்லை. அன்று அந்த இரண்டாம் வரிசையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. அவர்கள் இரண்டு பேர் மட்டுமே மோர்ச்சோறுவரை சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.