மழையா கடலா

விஜிலாவின் வலது கை விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். கோயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், "ஏளா, மருதாணியா?" என்று கேட்பார்கள். சில்வர் நைட்ரேட் பட்ட தோல் அப்படித்தான் கறுக்கும், சோப்புக்குப் போகாது. விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமா" என்று சொல்லிவிடுகிறாள்.

வேதியியல் படித்தவள். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குகளைப் பரிசோதிக்கும் சிறு நிறுவனமொன்றில் வேலை. கணவன் ஆன்டனி கப்பலில் போகிறவன். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். சரக்கு நனைந்திருந்தால் விஜிலாவைக் கூப்பிடுவார்கள். நனைத்தது கடல்தண்ணீர் என்றால் நஷ்டம் கப்பல்காரன் தலையில். மழை என்றால் கரையில் சரக்கைக் காத்தவன் தலையில்.

போன ஐப்பசியில் முந்திரிக்கொட்டை ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. இறக்கித் துறைமுக யார்டில் அடுக்கிய மூட்டைகளில் பல நனைந்திருந்தன. கப்பலின் ஏஜென்ட் மழை என்றார். சரக்கை வாங்கியவர் கடல் என்றார். மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடும் வேலை, யார்டு கான்ட்ராக்டரிடம் கூலிக்கு இருந்த காசிலிங்கத்துடையது. விஜிலா எப்போது அங்கே போனாலும் நிழலில் ஒரு நாற்காலி இழுத்துப் போடுகிற மனிதர் அவர்.

அன்றும் போட்டார். பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

விஜிலா ஒரு சாக்கின் ஈரக்கறையை வெட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசினாள். குழாய்த்தண்ணீரை இதற்கு நம்ப முடியாது, அதிலேயே உப்பு இருக்கும். அலசிய தண்ணீரில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட். சோதனைக் குழாய்க்குள் தயிர் திரிந்தாற்போல் வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. குளோரைடு நிறைய. கடல்தண்ணீரேதான்.

"வெள்ளையானா கடல்தானே மேடம்?" காசிலிங்கம் குனிந்து பார்த்தார். "முருகன் காப்பாத்திட்டான்."

ஏஜென்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனை எடுத்தார். அத்தோடு எழுந்திருக்கலாம். விஜிலாவுக்குக் காலையிலிருந்து இடுப்பு வலி, சாப்பிடவும் இல்லை. ஆனால் அந்த மூட்டை கப்பலின் சரக்கறை மூடிக்கு நேர் கீழே, கடல்தண்ணீர் ஒழுகக்கூடிய இடத்தில் இருந்தது என்று சொல்லியிருந்தார்கள். யார்டின் கடைசி அடுக்கும் ஈரமாகத்தான் இருந்தது. எழுந்து போய் அதிலும் வெட்டினாள்.

இம்முறை லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். நனையாத சாக்கு ஒன்றைச் சோதித்தாள். அதே கலங்கல். இந்த ஊர்க் காற்று பட்ட எந்தச் சாக்கிலும் அவ்வளவு உப்பு இருக்கும். சந்தேகத்துக்கு, அலசிய தண்ணீரில் வேறாகக் கொஞ்சம் எடுத்துப் பேரியம் குளோரைடும் விட்டுப் பார்த்தாள். கடல்தண்ணீரில் சல்பேட்டும் உண்டு, இருந்தால் அதுவும் வெள்ளையாகப் படியும். முதல் மூட்டையில் படிந்தது. கடைசி அடுக்கில் ஒன்றுமே இல்லை.

"அண்ணாச்சி, எல்லாம் கடல் இல்ல. இந்தப் பக்கம் நனைஞ்சது மழையில."

காசிலிங்கம் சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"கூட ஒரு ஆளு வேணும்னு கேட்டேன் மேடம். ஒருத்தன் போதும்னுட்டாவ. அந்தக் காத்துல நா ஒருத்தன் எத்தன தார்ப்பாய இழுத்துப் பிடிக்க?"

"நா அதையும் எழுதுதேன்."

எழுதினாள். கப்பலில் நனைந்தவை இவை, யார்டில் நனைந்தவை இவை, தார்ப்பாய் போட ஒரே ஆள்தான் இருந்தார் என்று. அந்தக் கடைசி வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. கான்ட்ராக்டர் காசிலிங்கத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். விஜிலா கான்ட்ராக்டரிடமே நேரில் போய்க் கேட்டாள்.

"மழைன்னு சொன்னது நீங்கதான மேடம்?" என்றார் அவர், சாதாரணமாக.

திரும்பி வந்தாள். அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவினாள். ஆன்டனி போனில், "நீ பொய் எழுதலயே, பெறவென்ன?" என்றான். அவனுக்கு அங்கே ராத்திரி, தூங்கப் போய்விட்டான்.

தை மாதத்தில் ஒருநாள் மீன் வாங்கப் போனவள் காசிலிங்கத்தைப் பார்த்தாள். ஐஸ் ஃபேக்டரி வண்டியிலிருந்து பாளம் பாளமாக இறக்கிக்கொண்டிருந்தார். பேசாமல் போய்விடத்தான் நினைத்தாள். கால் நின்றுவிட்டது.

"என்மேல கோவமா அண்ணாச்சி?"

"கோவப்பட்டு என்ன செய்ய? மழதான பெஞ்சுது." தோளில் கிடந்த சாக்கைச் சரிசெய்துகொண்டார். "இங்கன ஐஸுதான் கனம். முதுகு தாங்க மாட்டேங்கு."

உள்ளே இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அடுத்த பாளத்துக்குக் குனிந்தார். விஜிலா சாளை மீன் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டபடி வீட்டுக்கு நடந்தாள்.