மாமி கொண்டுவந்த வட்டிலப்பம்

கிட்டங்கிப் பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினேன். தங்கையின் மகள், பதினொரு வயது. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு தங்கை என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருந்தாள். காரணம் ஒரு வட்டிலப்பம், முட்டையும் கருப்பட்டியும் போட்டு அவித்த இனிப்பு. பிள்ளை குர்ஆன் ஓதி முடித்ததற்குத் தங்கையின் மாமி, மச்சானின் உம்மா, அதைச் செய்து கொண்டுவந்தார். நான் அதைப் பக்கத்து வளவில் சுவர் கட்டிய மேசன்மாருக்குக் கொடுத்துவிட்டேன். மாமி இன்னும் கேற்றைத் தாண்டவில்லை, பார்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்ததை வெளியாருக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

அது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, தினமும் நடக்க வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிசைதான் என்று டொக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். வேலையில்லாமல் அவர்கள் வீட்டில் கிடந்த இரண்டு கிழமையும் பள்ளிக்கூட ஓட்டோவை நிறுத்தி, அவளை நடத்தியே கூட்டிப்போனேன். “ஓட்டோவுக்கும் வக்கில்லாமப் போயிட்டாங்களா” என்று தெருவில் கதைத்தார்கள். தங்கை அதைப் பொறுத்திருந்தாள். வட்டிலப்பத்தைப் பொறுக்கவில்லை.

“என்னத்துக்கு வந்த?”

“நீங்க போனா நான் திரும்ப ஓட்டோவுலதான் போகணும், மாமா.”

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர், கடை கிடையாது, என் பையில் குடிக்க ஒன்றுமில்லை. அவளைப் பாலத்தின் ஓரக் கட்டின் மேல் இருத்தினேன். மயங்கி விழுந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அவ்வழியே போன வான் வண்டி ஒன்றை மறித்தேன். நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மச்சான் தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“பிள்ளைக்கு என்னவும் ஆகியிருந்தா ஆர் பதில் செல்ற? பைத்தியமா ஒங்களுக்கு?”

“நான்தான் வந்த, வாப்பா. மாமாக்குத் தெரியா.”

தங்கை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். மகள் குடித்து முடிக்கும்வரை அவளுடைய நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு மெல்லத் தணிந்தது.

“வீட்டுலருந்து நடந்தா வந்த?”

“ஓம்.”

“ஒரு இடத்திலயும் இருக்கல்லயா?”

“இருந்தா மாமாவப் பிடிக்கேலா, உம்மா.”

“ஏறு,” என்றார் மச்சான். பிள்ளை அசையவில்லை. பிள்ளை நடந்து வந்த வீதியைத் தங்கை திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க பின்னால மெதுவா வாங்க,” என்று அவரிடம் சொன்னாள். பிறகு என்னிடம், “நாளைக்கு நானே இவளப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திட்டுப் போறன். நீங்க மாமிக்கிட்ட வந்து மாப்புக் கேக்கணும், காக்கா. இன்டைக்கு வேணாம். இன்டைக்குக் கண்டா கொலதான்.”

அபாயாவின் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளோடு நடந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீதியில் இவ்வளவு தூரம் நடந்ததை நான் கண்டதில்லை. மோட்டார் சைக்கிள் அவர்களுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே ஊர்ந்தது.

நான் பாலத்துக்கு அப்பால் சவளக்கடைப் பக்கம் போனேன். மறுநாள் காலை, தங்கை மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திப்போகும் நேரம், தெரிந்த ஒருவரின் வயலில் வரம்பு கட்டும் வேலைக்கு மண்வெட்டியோடு இறங்கினேன்.