நாலரை டன் குத்தும் ஒரு வாட்டர் கேனும்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கேசட் கடையாக இருந்து வீடியோ கேம் கடையாக மாறிய ஓர் அறையில் இயற்பியல் விதிகள் தினமும் மீறப்பட்டன. அதற்கு ஆட்சேபம் தெரிவித்தவன் ஊரிலேயே ஒருவன்தான், என் நண்பன். பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் வகுப்பு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். இருவருக்கும் முழுநேரமாக இருந்தது அந்தக் கடைதான்.

விளையாட்டு எளிது. திரையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்வார்கள். அதில் ஒருவன் உள்ளங்கைகளிலிருந்து நெருப்புப் பந்து விடுவான். விடும்போது ஜப்பானிய மொழியில் ஏதோ கத்துவான். ஸ்பீக்கர் கிழிந்திருந்ததால் அது திண்டிவனத்தில் 'வாட்டர் கேன்' என்று கேட்டது. அலுவலகங்களுக்கு இருபது லிட்டர் கேன்கள் வரத் தொடங்கியிருந்த காலம், வேறு எப்படியும் கேட்டிருக்க முடியாது. 'அவனை வாட்டர் கேன்ல அடிச்சேன்' என்று கடையில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். வீட்டில் சொன்னால் விசாரணை நடக்கும்.

"பந்து முன்னால போவுதில்ல, வுட்டவன் பின்னால போவணுமா வாணாமா?" என்று நண்பன் கேட்பான். "ஆணி அடிச்சாப்ல நிக்கறான் பாரு மச்சான். தரையில ஃபெவிகால் போட்டுக்கினு நிக்கறானா?"

"தோ பார்றா, பொம்மைக்குப் பாடம் நடத்திக்கினு கீறான்," என்பார் கடைக்காரர். "அந்தப் பொம்மை பத்தாவதுகூடப் படிக்கல. உன்னை மூணு ரவுண்டு தூக்கிப்போட்டு மிதிச்சிது. டைம் முடிஞ்சிபோச்சி, ஜல்தியா எந்திரி."

அவனை அதிகம் உறுத்தியது, தாடையில் ஒரு குத்து வாங்கியவன் ஆளுயரத்துக்கு மேல் பறப்பதுதான். ஒருநாள் என் நிருபர் நோட்டைப் பிடுங்கி, ஒரு வாய்க்கால் தகராறுக்கு நான் எடுத்திருந்த குறிப்புகளுக்குக் கீழே கணக்குப் போட்டான். எழுபது கிலோ ஆளை இரண்டு மீட்டர் தூக்க ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஜூல் வேண்டும். அது ஓர் இட்லியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே சாப்பாடு பிரச்சினையில்லை. பிரச்சினை நேரம். முஷ்டி தாடையில் படுவது விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. அதற்குள் அவ்வளவு வேகத்தைக் கொடுக்க நாலரை டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரை நிறுத்தி, பாதிச் சுமையை முஷ்டியின் மேல் இறக்கினால் எப்படியோ அப்படி. அடி வாங்கியவன் பறக்கிறானோ இல்லையோ, அடித்தவன் பெரியாஸ்பத்திரிக்குப் போவான்.

"இத பேப்பர்ல போடு," என்றான்.

ஆசிரியரிடம் சொன்னேன். எந்த ஊரில் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை என்றதும் ஃபோனை வைத்துவிட்டார்.

நண்பன் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. காவலர் தேர்வில் அவன் இரண்டு முறை நீளம் தாண்டுதலில் விழுந்திருந்தான். ஓட்டத்தில் தேறினான், கயிறு ஏறினான். முதல் முறை மூன்று தாண்டலும் கோட்டை மிதித்துப் போயின. இரண்டாம் முறை கோட்டுக்கு வெகு முன்னாலேயே எழும்பி நாலு விரற்கடையில் போயிற்று. வயது வரம்பின்படி மூன்றாவதுதான் கடைசி. வானூர்ப் பக்கம் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், அதில் நிலக்கடலை. அவன் அப்பா சுருக்கமாகப் பேசுகிறவர். "இந்த வாட்டியும் போச்சின்னா காக்கிய மறந்துடு. வந்து மல்லாட்டை புடுங்கு," என்று சொல்லிவிட்டார்.

திரையில் இருப்பவன் எழும்பிய பிறகு மனம் மாறி நடுவானத்தில் திரும்பி வருவான். நண்பனுக்கு அந்த வசதி இல்லை. கால் தரையை விட்டதும் போகிற பாதை முடிவாகிவிடுகிறது. காற்றில் உதைத்துத் தள்ள ஒன்றும் கிடையாது. செய்ய வேண்டியதையெல்லாம் கடைசி அடியிலேயே செய்துவிட வேண்டும்.

"அவன் பண்றதுல எல்லாம் பொய்யி. ஒண்ணுதான் நெஜம்," என்றான் ஒருநாள்.

"எது?"

"கத்தறது."

விளக்கினான். சட்டென்று மூச்சை வெளியே தள்ளிக் கத்தும்போது வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன. நடு உடம்பு கட்டைபோல் ஆகிறது. அப்போது கால் கொடுக்கும் உந்துதல் இடுப்பில் குழைந்து வீணாகாமல் முழுதாக மேலே போகிறது. கராத்தேக்காரர்களும் குண்டு எறிபவர்களும் கத்துவது வீம்புக்கு அல்ல.

ஒரு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் சோதனை நடந்தது. நான் டேப் பிடித்தேன். முதலில் 'முருகா' என்று கத்திப் பார்த்தான். பக்தி இருந்தது, நீளம் இல்லை. 'கா'வில் வாய் திறந்தே இருப்பதால் மூச்சு ஒழுகிவிடுகிறது என்றான். பிறகு வாய்க்குப் பழகியதைக் கத்தினான்: "வாட்டர் கேன்!" ஐந்து அங்குலம் கூடியது. மறுபடி கத்தினான், மறுபடி கூடியது. அவன் வயிற்றுத் தசையைப் புகழ்ந்தான். நான் பார்த்தது வேறு. 'வாட்டர்' கடைசிக்கு முந்தின அடியிலும் 'கேன்' கடைசி அடியிலும் விழுந்ததால் அவன் கோட்டைக் குனிந்து பார்ப்பதை விட்டிருந்தான். மிதிப்பதும் நின்றது. சொன்னேன்.

"நீ டேப்பைப் பிடி," என்றான்.

விழுப்புரம் மைதானத்தில் தேர்வு. நிருபர் என்பதால் என்னைக் கயிற்றுக்கு உள்ளே விட்டார்கள். முந்நூறு பேர் பனியனில் நம்பரோடு உட்கார்ந்திருந்தார்கள். மணல் குழிக்கு அருகில் நாற்காலியில் ஓர் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் நிழலில் ஒரு கான்ஸ்டபிளும் ஒரு தண்ணீர் கேனும்.

நண்பன் முதல் தாண்டலில் வாயைத் திறக்கவில்லை. கோட்டை மிதித்தான். இரண்டாவதிலும் திறக்கவில்லை. கோட்டுக்கு முன்னாலேயே எழும்பினான், மூன்று விரற்கடை குறைந்தது. கயிற்றோரம் நான் நின்ற இடத்தைத் தாண்டித்தான் திரும்பி நடந்தான்.

"கத்துடா," என்றேன்.

"முந்நூறு பேர் பாக்கறாங்கடா."

"மல்லாட்டைய யாரும் பாக்க மாட்டாங்க."

அவன் ஓடி வந்தான். "வாட்டர் கேன்!" என்ற சத்தம் மைதானத்தின் அந்தக் கோடி வரை போனது. அவன் மணலில் விழுவதற்குள் கான்ஸ்டபிள் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டார். டேப் வைத்துப் பார்த்தார்கள். தேவைக்கு மேல் இரண்டு அங்குலம்.

"ஏம்பா, தண்ணி வேணும்னா தாண்டிட்டுக் கேக்கக்கூடாதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தண்ணி கேக்கலைங்கய்யா."

"பின்ன என்னா கேட்ட?"

"மூச்சுங்கய்யா."

இன்ஸ்பெக்டர் விதிமுறைத் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். கோட்டை மிதிப்பது பற்றி இருந்தது, கத்துவது பற்றி இல்லை. "பாஸ் போடு," என்றார். "அந்தத் தண்ணியக் குடிச்சிட்டுப் போ. பாவம், தூக்கிக்கினு வந்துட்டாரு."

குடித்தான். அடுத்த நம்பர் ஓடி வந்தது. அவனும் "வாட்டர் கேன்!" என்றான். அதற்கடுத்தவனும். மத்தியானத்துக்குள் மைதானமே அதைச் சொல்லித்தான் தாண்டியது. கான்ஸ்டபிள் நாலு முறை ஓடிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நடந்ததை நடந்தபடி எட்டு வரியில் எழுதி அனுப்பினேன். மாலையில் வந்த தலைப்பு: 'காவலர் தேர்வு மைதானத்தில் குடிநீர் தட்டுப்பாடு: இளைஞர்கள் அலறல்.' கீழே என் எட்டு வரிகளில் இரண்டு மிஞ்சியிருந்தன. மறுநாள் மைதானத்துக்கு ஒரு வண்டி நிறைய கேன்கள் வந்து இறங்கின. என் எழுத்தால் உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது அந்த ஒரு முறைதான்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே மைதானத்துக்கு அதே வேலையாகப் போனேன். இந்த முறை முழுநேர நிருபர். கடை போய்விட்டது. அந்த இடத்தில் செல்ஃபோன் ரீசார்ஜ். அந்த விளையாட்டைப் பார்த்தே இராத பையன்கள் வரிசையாக "வாட்டர் கேன்!" என்று கத்தித் தாண்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே விசிலோடு நின்ற கோச்சிங் சென்டர்காரரிடம் விசாரித்தேன்.

"சைன்ஸ் சார்," என்றார். "இருபது லிட்டர் கேனைத் தோள்ல ஏத்தறப்ப வயிறு இறுகுது பாருங்க, அதே டெக்னிக்கு. மனசுல கேனை நெனைச்சிக்கினு தாண்டணும். தனி கிளாஸே எடுக்கறோம்."

"யார் கண்டுபிடிச்சது?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஜப்பான்ல சார்."

மணல் குழி ஓரத்தில் டேப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் நண்பன். தலைமைக் காவலர். நடு உடம்பு இப்போது கத்தாமலே கட்டையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்தான், சிரிக்கவில்லை, டியூட்டியில் இருந்தான்.

ஒரு பையன் ஓடி வந்து, உரக்கக் கத்தி, கோட்டை மிதித்தான். இரண்டாவது முறையும் மிதித்தான். கையில் ஒரு தாண்டல் மிச்சம். கோட்டைக் குனிந்து பார்த்தபடி நின்றான். நண்பன் டேப்பைச் சுருட்டும் சாக்கில் அவன் பக்கம் நகர்ந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான், ஆனாலும் எனக்குக் கேட்டது.

"வாட்டர்லயே கால வெச்சிட்றடா. கேன்ல வெய்யி."