உறுமல் நின்ற வண்டி

அம்மாவை வாரா வாரம் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன எங்கள் பழைய டீசல் வண்டியில் அந்த ஆண்டு ஓர் உறுமல் கிளம்பியது. காரிமங்கலத்தைத் தாண்டி வேகம் பிடித்ததும் நடு சீட்டுக்கு அடியில் தொடங்கும். தொப்பூர் இறக்கத்தில் பேச்சே கேட்காது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் தேய்ந்துவிட்டதாக மெக்கானிக் பாய் சொன்னார்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பில் நோய். அந்த அதிர்வுதான் அவளை வதைக்கிறது என்று அப்பா முடிவு செய்தார்.

"அது பாட்டுக்குக் கத்திட்டுப் போவட்டும், வுடுங்க," என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை. பட்டறைக்கு நானும் போனேன்.

பாய் தண்டைக் கழற்றுமுன் அதன் இரு பாதிகளும் சேரும் இடத்தில் மறுபடி அப்படியே பூட்ட அடையாளமாகச் சாக்பீஸால் கோடு போட்டார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அப்பா தண்டு முழுவதையும் டீசல் துணியால் துடைத்துவைத்தார். அந்த நாட்களில் அவர் கையில் கிடைத்ததையெல்லாம் துடைத்தார்.

"கோடு எங்கீங்க?"

"அழுக்கா இருந்துச்சு பாய், தொடச்சுட்டேன்."

"நல்லாத் தொடச்சீங்க போங்க. இதை என்ன பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

புது பேரிங்கைப் போட்டு, குத்துமதிப்பாகப் பூட்டி ஓட்டினால் வண்டி நடுங்கியது. மறுபடி கழற்றி, ஒரு பாதியை அரைச் சுற்று திருப்பிப் பூட்டினார். இம்முறை சத்தமே இல்லை. நான் கைதட்டினேன். அப்பா சிரித்தார்.

அடுத்த பயணத்தில் நான் முன்சீட்டில் இருந்தேன். அம்மா நடு சீட்டில் படுத்திருந்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நல்லம்பள்ளி தாண்டியதும் பின்னாலிருந்து மெல்லிய, இழுவையான ஒரு சத்தம்.

"இன்னும் சத்தம் வருதுப்பா."

அப்பா கண்ணாடியில் பார்த்தார். நான் திரும்பினேன். அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. கொஞ்ச தூரத்தில் மறுபடி வந்தது.

"பாய்கிட்டயே திரும்பக் காட்டலாம்ப்பா."

அப்பா வண்டியை ஓரங்கட்டி இறங்கி, எல்லா ஜன்னல் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். காற்று அறைந்தது. அதன் பிறகு வேறெதுவும் கேட்கவில்லை.

சேலம் வரும்வரை யாரும் மூடவில்லை. மறுவாரமும் மூடவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த வண்டியில் ஏன் இப்படிக் கண்ணில் புழுதி விழப் போகவேண்டும் என்று எனக்குக் கோபமாக வந்தது.