பேப்பர்க்காரன் தங்கச்சி பேசுறேன்

அண்ணே, நீ போயி ஒரு மாசமாச்சு. குரூப்ப நாந்தான் பாக்குறேன்.

தெரியாதவுகளுக்குச் சொல்லிடுறேன். எங்க அண்ணன் கேரளாவுல வண்டன்மேட்டுப் பக்கம் எஸ்டேட் லயங்களுக்கு, அதான் தொழிலாளிக குடியிருக்குற வரிசை வீடுகளுக்கு, தமிழ்ப் பேப்பர் போட்டான். கம்பத்துல இருந்து வர்ற மொத பஸ்ல கட்டு வரும். எல்லார் கையிலயும் போன் வந்தப்பறம் பேப்பர் வாங்குற வீடு கொறஞ்சிருச்சு. அவன் அசரல. போன்லயே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சான். ஆளுக ஏலக்காட்டுக்குக் கெளம்புறதுக்குள்ள பேப்பர்ல உள்ளதையும் நம்ம ஊரு சேதியையும் வாய்ஸ்ல வாசிச்சுப் போடுவான். படிக்கத் தெரியாத பொம்பளையாளுக சோறு கட்டிக்கிட்டே கேப்பாக. "பேப்பர்க்காரன் பேசுறேன்"னுதான் ஆரம்பிப்பான்.

காய்ச்சல்னு படுத்தவன் எந்திரிக்கல.

அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள் நல்ல மழை. யாரோ எனக்கு ஒரு போட்டோ அனுப்புனாக. பஸ் வர்ற வளைவுல மண்ணு சரிஞ்சு ரோடே இல்ல. ஓரத்துல அண்ணன் பைக்கு, பின்னாடி பேப்பர் கட்டு. அதப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் ஓடல. அவன் எடுத்தது பொய்யா இருக்காதுன்னு, "ரோடு போச்சு, இன்னைக்கு பஸ் வராது"ன்னு குரூப்ல போட்டுட்டேன். செத்தவன் எப்படி இன்னைக்குப் போயி எடுப்பான்? அது போன மழைக்கு எடுத்தது. அந்தப் புத்தி எனக்கு வரல.

பஸ் வழக்கம்போல வந்துட்டுப் போயிருச்சு. என்னய நம்பி, பக்கத்து லயத்து அக்கா மாசமா இருக்குற மகள ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகல. சாயங்காலம் வாசல்ல வந்து நின்னாக.

"ஏண்டி, ஒங்கண்ணன் இருந்தா போயிப் பாக்காம போடுவானா?"

"தெரியாம போட்டுட்டேன்க்கா."

"எட்டாங்கிளாசுக்கே முக்குன ஆளு, ஒனக்கு எதுக்குடி இந்த வேல?"

அன்னைக்கே பாதிப்பேரு குரூப்ப விட்டுப் போயிட்டாக. அம்மாவும் அதக் கலச்சு விடுன்னுச்சு. கலச்சா, அண்ணன் குரூப்புல கடைசியா வந்த சேதி பொய்யின்னு ஆயிரும். அண்ணன் பேரு அப்படி முடியக் கூடாது.

மறுநாள் விடியவும் மழைக்கோட்டப் போட்டுக்கிட்டு வளைவுக்கு நடந்தேன். ரோட்டப் பாத்தேன். பஸ்ஸ நிறுத்தி டிரைவர்ட்டயும் கேட்டேன். அங்கனயே நின்னு பேசுனேன்.

"பேப்பர்க்காரன் தங்கச்சி பேசுறேன். நேத்துப் போட்டது பழைய போட்டோ. தப்பு எம்மேலதான். இப்ப வளைவுல நிக்கிறேன். ரோடு நல்லா இருக்கு, பஸ் வந்துருச்சு."

அப்பறம் பேப்பர்ல நாலு சேதி வாசிச்சேன். திக்கித் திக்கித்தான். "நீ ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள பஸ் மூணாறு போயிரும் தாயி"ன்னு குரூப்ல ஒருத்தர் பதில் போட்டாரு. போகட்டும். மறுநாளும் வாசிச்சேன். அதுக்கு மறுநாளும். கண்ணால பாக்காத, ரெண்டு பேர்ட்ட கேக்காத எதையும் இப்ப போடுறதில்ல.

இன்னைக்கு வளைவுல நிக்கையில போன் அடிச்சுச்சு. அந்த அக்காதான்.

"ஏண்டி, இன்னைக்கு மகளுக்கு ஸ்கேன். பஸ் வருதா?"

"இருங்கக்கா, பாத்துட்டுச் சொல்றேன்"னேன்.

நீங்க எந்தச் சாமியக் கும்புடுறவுகளா இருந்தாலும் சரி, நாளைக்குக் காலையில சேதி கேக்குறதுக்கு முன்ன, எங்கண்ணனுக்காக ஒரு நிமிசம் ஜெபம் பண்ணுங்க.