பட்டியலில் விடுபட்ட ஆறு பேர்

ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, எந்தக் கட்டிலுக்கு என்ன சாப்பாடு என்று மூன்று வேளையும் பட்டியல் போடுகிறவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் பட்டியலக்கா. அதற்கு முன் பதினாறு வருடம் அங்கேயே தொலைபேசி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கணினியில் எக்செல் தெரிந்தால் பட்டியல் போடும் வேலையில் இருக்கலாம் என்றார்கள். கூசாமல் தெரியும் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்துக் கற்றுக்கொண்டாள்.

வேலை இதுதான். ஒரு தாளில் உள்நோயாளிகள் எல்லோருடைய எண்ணும் இருக்கும். இன்னொன்று வார்டில் நர்சுகள் தட்டச்சு செய்யும் பத்தியப் பதிவு. உப்பு, சர்க்கரை என்று ஏதாவது கூடாதவர்கள் மட்டும் அதில் இருப்பார்கள். வி-லுக்கப் சூத்திரம் ஒவ்வோர் எண்ணையும் பத்தியப் பதிவில் தேடி, பத்தியத்தை எடுத்து வந்து எதிரே எழுதும். பதிவில் இல்லாத எண் என்றால் #N/A என்று பிழை காட்டும்.

"என்னக்கா இது, பஸ் நம்பரா? இந்தக் கட்டிலுக்கு நான் என்னத்த அனுப்பறது?" என்று தலைமைச் சமையல்காரர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மகளிடம் கேட்டாள். "இஃப்-எரர்னு ஒண்ணு இருக்கும்மா. பிழை வந்தா அதுக்குப் பதிலா என்ன காட்டணும்னு நீயே எழுதிக்கலாம்," என்றாள் மகள். பத்தியம் இல்லாதவர்தானே பதிவில் இருக்க மாட்டார்? அதனால் 'வழக்கமான சாப்பாடு' என்று எழுதினாள். தாள் துடைத்து வைத்ததுபோல ஆயிற்று. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு புதன்கிழமை மதியம், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"இங்க சாப்பாட்டுப் பட்டியல் போடறது யாருங்க?"

"நான்தாங்க."

"என் வீட்டுக்காரருக்குக் கடலை ஆகாது. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு அடைச்சிடும். சேர்க்கறப்பவே சொல்லி எழுத வெச்சேன். இது கடலை அரைச்ச குழம்பா இல்லையா, நீங்களே பாருங்க."

"சாப்பிட்டுட்டாரா?"

"வாய்க்கிட்ட கொண்டுபோனாரு. தட்டிவிட்டேன்."

அந்தப் பெண்ணின் முந்தானையில் குழம்பு தெறித்திருந்தது. அதைப் பார்த்தபடியே பட்டியலக்கா, வார்டில் எழுத மறந்திருப்பார்கள் என்று நினைத்துப் பதிவைத் திறந்தாள். மறக்கவில்லை. அவர் எண்ணுக்கு நேராக 'கடலை கூடாது' என்று இருந்தது. பட்டியலிலோ அதே எண்ணுக்கு 'வழக்கமான சாப்பாடு'. இரண்டு எண்ணையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டாள். வித்தியாசமே இல்லை. பட்டியலில் இருந்த எண்ணின் மேல் சொடுக்கி கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோனாள். அது கடைசி இலக்கத்தை ஒட்டி நிற்காமல் ஓரெழுத்துத் தள்ளி நின்றது. அங்கே ஒரு ஸ்பேஸ்.

திங்கட்கிழமைதான் சேர்க்கைப் பிரிவில் பார்கோடு படிக்கும் கருவி ஒன்றைப் புதிதாக வைத்திருந்தார்கள். அன்று முதல் சேர்ந்த ஒவ்வொருவர் எண்ணுக்குப் பின்னாலும் அது ஒரு ஸ்பேஸைச் சேர்த்து அனுப்பியிருக்கிறது. சூத்திரத்துக்கு அது வேறு எண். தேடியது, கிடைக்கவில்லை, கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாளோ அதையே சொன்னது.

பதிவில் பத்தியக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணினாள். நாற்பத்தொன்று. பட்டியலில் பத்தியம் விழுந்தவர்கள் முப்பத்தைந்து. நம்ப முடியாமல் மறுபடி எண்ணினாள். ஆறு பேர்.

சாப்பாட்டு வண்டிகள் போய்ப் இருபது நிமிடம் ஆகியிருந்தது. வார்டுகளுக்குப் போன் போட்டு "யாரும் தட்டைத் தொடவேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். சமையல்காரர் ஒரு படிக்கட்டில் ஓட, அவள் இன்னொன்றில் ஏறினாள். கடலை ஆகாதவர் போக, நான்கு பேர் இன்னும் கை வைக்கவில்லை. ஆறாவது ஆள், சிறுநீரகம் பழுதான ஒரு வயதான அம்மாள், சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தார். உப்பே ஆகாதவர். மூன்று நாளாக உப்புப் போட்ட சாப்பாடு. கால் இரண்டும் மெத்தைபோல வீங்கியிருந்தன.

"வீக்கம் வடியலையேன்னு டாக்டர் நேத்துதான் மாத்திரையக் கூட்டினாரு," என்றாள் நர்ஸ்.

"இது உப்பால வந்த வீக்கம், டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க," என்றாள் பட்டியலக்கா.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் முன்னால் நின்றாள். அவர் நல்ல மனிதர். "மெஷின் செஞ்ச தப்புதானேம்மா," என்றார்.

"மெஷின் ஒரு ஸ்பேஸ்தான் போட்டுது சார். தெரியலைன்னு காட்டவேண்டிய இடத்துல எல்லாம் சரின்னு காட்ட வெச்சது நான்."

அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தாள். வேலை போகவில்லை, கண்டனக் கடிதம் வந்தது. மறுநாள் முதல் பத்தியம் இல்லாதவர்களும் 'பத்தியம் இல்லை' என்று பதிவில் ஏறினார்கள். எண்ணில் ஒட்டிய வெற்றிடங்களை ட்ரிம் என்ற சூத்திரம் போட்டு வெட்டினாள். அப்படியும் ஓர் எண் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை, வார்டில் கேள்' என்று சிவப்பில் வரும். கேட்காமல் அந்தத் தட்டு நகராது.

அந்த அம்மாளிடம் தானே போய்ச் சொன்னாள்.

"நீதானா அது? அதான பார்த்தேன், மூணு நாளா ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாய்க்கு விளங்குதேன்னு," என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். பட்டியலக்காவால் சிரிக்க முடியவில்லை. வீக்கம் வடிய ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் காலையில் தன் அறைக்குப் போகும் முன்னால் அவள் மாடியேறி, போர்வையை விலக்கி அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.