ஜன்னலில் மாட்டிய வயிறு

எப்சிக்கு வண்ணார்பேட்டை எஸ்.டி.டி. பூத்தில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஊர் பேசும் ரகசியமெல்லாம் காதில் விழும். ஒன்றுகூட வாய்வழியே வெளியே வராது. இப்படி ஒரு மருமகள் கிடைத்தால் யார் விடுவார்கள்? பாளையங்கோட்டை ஞானையா வாத்தியார் விடவில்லை. மகன் ஜெனோவுக்குக் கட்டிவைத்தார்.

தொண்ணூறில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்குழந்தை. அதன்பிறகு ஆறு வருஷமாக ஒன்றுமில்லை. மாமியார் தேவமணி காத்துக் கருப்பைச் சந்தேகப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் காத்துக் கருப்பு கிடையாது. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் எப்சி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் பழுதில்லை. ஆனால் ஞானையா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏளா தேவமணி, இங்கன வா."

எலும்புகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று, ஒரு சிலுவை.

"மேல்தண்டைக் காணோமே, யப்பா?" என்றான் ஜெனோ.

"வெசுவாசம் இருந்தாத் தெரியும்லே."

படம் முன்னறை ஜன்னலில் ஏறியது. சேதி தெருவில் இறங்கியது. ஒத்தப் பிள்ளையோட நின்னுட்டா என்று ஜாடை பேசிய தேவமணி, மருமகளுக்குப் பாலில் முட்டை அடித்துக் கொடுத்தாள். ஜெபக்கூட்டம் கூடிற்று. கூட்டம் எப்சியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தது.

வெயில் ஏறும்போது எப்சியின் இடுப்பெலும்பு நீல நிழலாகத் தரையில் விழும். விளக்குமாற்றோடு அவள் தன்னையே பெருக்கித் தள்ளுவாள். மகள் அந்த நிழலை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போகும்.

ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தவள், வயிற்றில் ஏதோ சில்லிட்டு விழித்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி கட்டிலோரம் மண்டியிட்டு, எப்சியின் வயிற்றில் உள்ளங்கையைப் பதித்து, கண்மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு நீங்க?"

"நீ தூங்கும்மா. ஒங்கிட்ட இல்ல. உள்ள இருக்கவர்ட்ட பேசுதேன்."

மறுநாள் எப்சி படத்தைக் கழற்றிச் சேலைக்குள் மறைத்து டாக்டர் சுப்புலக்ஷ்மியிடம் கொண்டுபோனாள். பூத்துக்கு எதிரேதான் கிளினிக். டாக்டர் பார்த்ததும் சொன்னார்:

"இது காப்பர்-டி. கர்ப்பம் தரிக்காம இருக்க வைக்கிறது. எப்போ வச்சுண்டே?"

"நான் வைக்கலியே."

சொன்னபிறகுதான் நினைவு வந்தது. பிள்ளை அழுத சத்தம். கூரையில் சுழன்ற மின்விசிறி. தலைமாட்டில் யாரோ, "அசையாதம்மா, ஒரு நிமிசம்" என்றது. அந்த ஒரு நிமிசம் ஆறு வருஷமாக அவளுக்குள் இருந்திருக்கிறது.

"அப்போல்லாம் நர்ஸுகளுக்கு இத்தனை வைக்கணும்னு மேலேர்ந்து இலக்கு உண்டு" என்றார் டாக்டர். "கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு கேக்காமலே வச்சிருக்கா."

எப்சி படத்தை மறுபடி ஜன்னலில் மாட்டிவிட்டு, வீட்டில் விஷயத்தை உடைத்தாள். எடுத்துவிடப் போகிறேன் என்றாள். ஞானையா கொஞ்ச நேரம்தான் தடுமாறினார்.

"ஆஸ்பத்திரிக்காரி கையால கர்த்தர் வச்சிருக்காரு. எடுக்கப்படாது."

"நாசரேத்துல இருந்தெல்லாம் ஆளு வாராவ, அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?" என்றாள் தேவமணி. பேரப்பிள்ளை வேண்டும் என்று ஆறு வருஷம் அழுதவளுக்கு, அந்தப் பிள்ளையை மறித்துக்கொண்டிருந்தது இதுதான் என்பது காதில் ஏறவேயில்லை.

"என் வயித்துல இருக்கு. எனக்கு வேண்டாம்" என்று ஜெனோவிடம் சொன்னாள்.

"ஒன் வயிறுதான். யாரு இல்லேங்கா? பைய பாத்துக்கிடலாம்" என்றான் ஜெனோ. ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

எப்சி தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். அங்கே நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்:

"வீட்டுக்காரர் கையெழுத்து?"

நெல்லைச் சீமையில் மனைவியின் கர்ப்பப்பை சம்பந்தமாக எதைத் திறக்கவும் மூடவும் புருஷன் கையெழுத்துப் போடுவான். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, வாங்குகிறவர்களுக்கும் தெரியாது.

"வைக்கறச்சே இவளையே கேக்கலை. எடுக்க அவரைக் கேக்கணுமா?" என்றார் டாக்டர். "சட்டத்துக்கு இவ சம்மதம் போதும். என்னம்மா, எடுத்துடவா?"

எப்சி தலையாட்டினாள்.

தட்டில் 'டிக்' என்று விழுந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதே வேளையில் வீட்டில் அந்தி ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஜன்னல் படத்தில் சிலுவை பத்திரமாகத்தான் இருந்தது. எப்சிதான் அதற்குள் இல்லை.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இனி என்ன செய்யலாம்? இன்னொரு குழந்தையா? இல்ல, வேற ஏதாவது வச்சுக்கறியா? ஒண்ணுமே வேண்டாமா?"

யாரிடம் கேட்கிறார் என்று எப்சி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர்.

"என்னையா கேக்கிய?"

"வேற யாரை?"

டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் எப்சி. யாரோ பேசியதுபோல் இருந்தது. அவள் குரல்தான்.